கருவி 0 சதவீதம் என்கிறது, ஆனால் பத்தி வேறு தளத்தில் அப்படியே இருக்கிறது. தமிழ்க் கட்டுரையைத் திருட்டுக்கு எப்படிச் சோதிப்பது?

அஸ்தம்பட்டி_ஆசிரியர்:
எல்லாருக்கும் வணக்கங்க. சேலம், ஏற்காடு, மேட்டூர் பக்கத்துச் சுற்றுலா, சாப்பாடு, கைத்தொழில் பற்றித் தமிழில் கட்டுரை போடும் தளம் எங்களுடையது. வெளியிலிருந்து ஆறு பேர் எழுதித் தருகிறார்கள். வாரம் 5 கட்டுரை, ஒவ்வொன்றும் 800 முதல் 1,200 சொல் வரும். வெளியிடும் முன் எழுத்துத் திருட்டைக் காட்டும் மூன்று இலவசக் கருவிகளில் போட்டுப் பார்க்கிறோம். எல்லாவற்றிலும் 0 அல்லது 2 சதவீதம்தான் வருகிறது. ஆனால் ஏற்காட்டுக் காபி பற்றி வந்திருக்கும் ஒரு கட்டுரையில் இரண்டு பத்தி வேறொரு தளத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்தாயிற்று. அந்தப் பத்தியை மட்டும் தனியாகப் போட்டாலும் கருவி ‘புதியது’ என்றே சொல்கிறது.

கருவி ஏன் கோட்டை விடுகிறது? கையால் சோதிக்க ஒழுங்கான முறை இருக்கிறதா? ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழாக்கித் தந்தால் எப்படிப் பிடிப்பது? எத்தனை சதவீதம் வரை விடலாம்?

செவ்வாய்ப்பேட்டை_நிரலர்:
முதலில் கருவியைச் சோதியுங்க, கட்டுரையை அப்புறம் பார்க்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவில் சேலம் பற்றிய பக்கத்திலிருந்து ஒரு பத்தியை எடுத்து அப்படியே கருவியில் ஒட்டுங்க. அதையும் ‘புதியது’ என்று சொன்னால் அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. அது தரும் சதவீதத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

ஏன் தெரியாது என்றால், பல கருவிகள் ஆங்கிலத்துக்காக எழுதப்பட்டவை. சொல்லைப் பிரிக்கும்போது எழுத்து எது, குறி எது என்று பார்த்துப் பிரிக்கும். தமிழில் புள்ளியும் கொம்பும் காலும் கணினிக் கணக்கில் ‘எழுத்து’ வகையில் சேராமல் ‘சேர்க்கைக் குறி’ வகையில் வரும். பைத்தான் நிரல்மொழியோடு வரும் ‘ரீ’ நூலகத்தில் சொல்லைப் பிரிக்க வழக்கமாகப் போடும் தேடல் வடிவத்தைப் போட்டால் ‘கொலுசு’ என்ற சொல் க, ல, ச என்று மூன்று துண்டாக உடையும். அப்படி உடைந்ததை வைத்துத் தேடினால் எதுவும் கிடைக்காதுங்க. சொந்தமாக நிரல் எழுதினாலும் இதே குழி இருக்கிறது. இடைவெளியை வைத்து மட்டும் பிரியுங்க.

இரண்டாவது சிக்கல், பார்க்க ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் எழுத்துகள். ‘கொ’வை க-வும் முழு ஒகரக் குறியும் என இரண்டு குறியீடாக (கணினி தனித்தனியாக எண்ணும் எழுத்துத் துணுக்கு) அடிக்கலாம். க, ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாகவும் அடிக்கலாம். அதனால் ‘கொலுசு’ ஒரு கோப்பில் 6 குறியீடு, இன்னொன்றில் 7. திரையில் வித்தியாசமே தெரியாது. இதைச் சரிசெய்ய யூனிகோடின் ‘என்எஃப்சி’ ஒழுங்காக்கம் போதும், அதாவது இப்படிப் பல விதமாக அடித்ததை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது, பைத்தானில் ஒரே வரி. ஆனால் அது எல்லாவற்றையும் சரிசெய்யாது. ‘சௌகரியம்’ என்பதை ஔகாரக் குறி போட்டு அடிப்பவரும் உண்டு, கொம்புக்குப் பின்னால் ளகரம் போட்டு ‘செளகரியம்’ என்று அடிப்பவரும் உண்டு. ‘ஸ்ரீ’யிலும் இரண்டு வகை அடிப்பு இருக்கிறது. இவற்றை என்எஃப்சி தொடாது, நாமே மாற்று அட்டவணை போட வேண்டும்.

தமிழ் எண்களையும் கவனியுங்க. ௧ பார்க்க க மாதிரி, ௭ எ மாதிரி, ௮ அ மாதிரி இருக்கும். ஸ்கேன் செய்த பக்கத்தை எழுத்தாக்கும்போது இவை தானாகவே மாறி விழும். கருவியை ஏமாற்ற வேண்டுமென்றே மாற்றி வைப்பதும் நடக்கலாம். கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகல இடைவெளியும் அப்படித்தான். சொல்லின் நடுவே அதை நுழைத்தால் வாசகருக்கு ஒன்றும் தெரியாது, கருவிக்கு அது இரண்டு சொல். வந்த கட்டுரையை நோட்பேட்++ மாதிரி எடிட்டரில் ஒட்டி, மறைந்த எழுத்துகளைக் காட்டச் சொன்னால் வெளியே வந்துவிடும். இயல்பான தட்டச்சில் அந்த இடைவெளி சொல்லுக்கு நடுவே பத்து இருபது இடத்தில் விழ வாய்ப்பே இல்லை. விழுந்திருந்தால் எழுதியவரிடம் நேராகக் கேளுங்க.

மூன்றாவது, சந்தி. ‘மலைப்பகுதி’, ‘மலைப் பகுதி’, ‘மலை பகுதி’ மூன்றும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் ஒட்டித் திருத்தும்போது மாறும். சொல் சொல்லாக ஒப்பிடும் கருவிக்கு மூன்றும் வேறு வேறு. அதனால்தான் தமிழுக்குச் சொல் அளவில் ஒப்பிடுவதைவிட எழுத்து அளவில் ஒப்பிடுவது நல்லது என்கிறேன். இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழுக் கட்டுரையையும் ஒரே சரமாக்குங்க. 24 குறியீடு நீளமுள்ள சாளரம் ஒன்றை ஒவ்வொரு குறியீடாக நகர்த்திக்கொண்டே போய், அதே சாளரம் மற்ற கட்டுரையிலும் இருக்கிறதா என்று பாருங்க. 24 குறியீடு என்பது ஏறக்குறைய இரண்டு மூன்று சொல். 10க்குக் குறைத்தால் ‘இருக்கிறது’, ‘சொல்லப்படுகிறது’ எல்லாம் பொருந்தி வந்து தொல்லை தரும். 60க்கு மேலே போனால் ஒரு சந்தி மாறினாலே தப்பிவிடும்.

நிரல் வேண்டாம் என்றால் கையால் கூகுளிலேயே செய்யலாம். கட்டுரைக்கு 6 வாக்கியம் எடுத்தால் போதும், ஆனால் எதை எடுப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முதல் பத்தியை விட்டுவிடுங்க. ‘ஏழைகளின் ஊட்டி’ என்று தொடங்காத ஏற்காட்டுக் கட்டுரை அபூர்வம். 1820களில் ஆட்சியர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தார் என்பதும் எல்லாரும் எழுதுவது. அவை பொருந்தினால் எதுவும் நிரூபணம் ஆகாது. மூன்றாவது பத்திக்குப் பிறகு, நடுவில், வினைச்சொல் கொஞ்சம் வித்தியாசமாக விழுந்திருக்கும் வாக்கியமாகப் பாருங்க. அதில் அடுத்தடுத்து வரும் 5 அல்லது 6 சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்க. சந்தி மாறக்கூடிய சொல் நடுவே இருந்தால் அந்த இடத்தில் நட்சத்திரக் குறி போடலாம். கூகுள் 32 சொல்லுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது, முழுப் பத்தியை ஒட்டித் தேடுவதில் பயன் இல்லை. மேற்கோள் போட்டு ஒன்றும் வராவிட்டால் மேற்கோளை எடுத்துவிட்டு ஒருமுறை, பிறகு பிங் தேடுபொறியில் ஒருமுறை. இரண்டின் சேகரமும் வேறு.

சொல் வேறுபாடுகளையும் மாற்றிப் போடுங்க: காபி, காஃபி, சேர்வராயன், செர்வராயன். ஒன்றில் வராதது இன்னொன்றில் வரும்.

தேடலில் எப்போதும் சிக்காத இடங்களும் உண்டு: பேஸ்புக் மூடிய குழுக்கள், வாட்ஸ்அப் பகிர்வுகள், யூட்யூப் வீடியோவில் வாயால் சொல்வது, படமாகப் போடும் நாளிதழ்ப் பக்கங்கள், ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள். ‘தேடினேன், இல்லை’ என்பது இணையத்தின் ஒரு பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும்.

கொண்டைஊசி_20:
மொழிபெயர்ப்புத் திருட்டுக்கு நான் சொல்கிறேன். இதில் கருவியைவிட ஊர்க்காரர் கண் கூர்மை. கட்டுரையில் நம் ஊர் வழக்கில் இல்லாத சொல் எங்கே வருகிறது என்று பாருங்க, அதன் பின்னால் ஆங்கில மூலம் ஒளிந்திருக்கும்.

காபித் தோட்டத்தைப் பற்றிய கட்டுரையில் ‘காகிதத்தோல் காபி’ என்று வந்தால், ‘பார்ச்மென்ட்’ என்ற சொல்லை இயந்திரம் பெயர்த்திருக்கிறது. உள்தோலோடு காயவைத்த கொட்டை அது, தோட்டத்தில் பார்ச்மென்ட் என்றேதான் சொல்வார்கள். ‘காபியைக் குணப்படுத்துகிறார்கள்’ என்று இருந்தால் மூலத்தில் இருந்தது ‘க்யூரிங்’, அதாவது பதப்படுத்துவது. நிழலுக்கு நட்டு மிளகுக் கொடி ஏற்றும் மரம் சில்வர் ஓக், அதை ‘வெள்ளிக் கருவாலி’ என்று எழுதுபவர் தோட்டத்துக்குள் போயிருக்க மாட்டார். ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனை ‘பெண்ணின் இருக்கை’ ஆவதும், கிளியூர் அருவி ‘கில்லியூர்’ ஆவதும் அப்படித்தான். வெள்ளிக் கொலுசு ‘வெள்ளிக் கணுக்கால் சங்கிலி’ என்றும், குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ‘கசாவா’ என்றும், நாம் சேகோ ஃபேக்டரி (ஜவ்வரிசி ஆலை) என்பது ‘சாகோ தொழிற்சாலை’ என்றும் வந்தால் சந்தேகப்படுங்க. ஒரு சொல்லை வைத்து யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. ஒரே கட்டுரையில் மூன்று நான்கு சேர்ந்தால் மூலத்தைத் தேடத் தொடங்கலாம்.

அளவுகள் இன்னும் நல்ல துப்பு. கிளியூர் அருவி 300 அடி என்று சொல்வது வழக்கம். கட்டுரையில் ‘91.44 மீட்டர்’ என்று வந்தால், யாரோ அடியை மீட்டராக மாற்றியிருக்கிறார்கள். மலையருவியைச் சென்டிமீட்டர் துல்லியத்தில் யாரும் அளப்பதில்லை. அந்த எண்ணை ஆங்கிலப் பெயரோடு சேர்த்துத் தேடினால் மூலப் பக்கம் பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே வரும்.

எல்லாவற்றிலும் உறுதியான சான்று, பிழை. உண்மைத் தகவல் இரண்டு பேருக்கும் ஒன்றாக இருக்கும், அதில் வியப்பில்லை. ஒரே தப்பான ஆண்டு, ஒரே தப்பான தூரம், ஒரே எழுத்துப்பிழை இரண்டிலும் இருந்தால் ஒருவர் மற்றவரைப் பார்த்திருக்கிறார், அல்லது இருவரும் மூன்றாம் ஒருவரைப் பார்த்திருக்கிறார்கள். அதுபோல வரிசையையும் பாருங்க. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில், கிளியூர் என்ற வரிசையில் பலரும் எழுதலாம். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் சொல்லும் துணைத்தகவலும் அதே வரிசையில் வந்தால் அது தற்செயல் இல்லை. சொற்கள் முழுக்க மாறியிருந்தாலும் எலும்புக்கூடு மாறாது. தாளை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் சந்தேகக் கட்டுரையின் ஒவ்வொரு பத்தியும் சொல்லும் விஷயத்தை ஒரு வரியில் எழுதுங்க, வலப்பக்கம் மூலத்தின் பத்திகளை எழுதுங்க. 10 பத்தியில் 8 அதே வரிசையில் நின்றால் பேச்சே இல்லை.

இன்னொன்று, எல்லா ஒற்றுமையும் திருட்டு இல்லை. மே மாதம் ஏற்காடு கோடை விழா நேரத்தில் செய்தி மக்கள் தொடர்புத் துறையின் அறிக்கை எல்லா நாளிதழுக்கும் போகிறது. ஜூன் 12 ஒட்டி மேட்டூர் அணைத் திறப்புச் செய்தியும் அப்படியே. நாலு நாளிதழில் ஒரே பத்தி வருவதற்குக் காரணம் அந்த அறிக்கை. நீங்கள் அதை எடுத்தால் ‘அரசு அறிக்கைப்படி’ என்று சொல்லிவிட்டுப் போடுங்க.

அஸ்தம்பட்டி_ஆசிரியர்:
ரொம்ப நன்றிங்க. விக்கிப்பீடியாப் பத்தியை ஒட்டிப் பார்த்ததில் மூன்று கருவியில் இரண்டு ‘புதியது’ என்றது. அவற்றை இனி தொடப் போவதில்லை. சதவீதம், சட்டம் பற்றியும் யாராவது சொல்லுங்க. எழுதுபவர்களில் ஒருவர் ‘10 சதவீதம் வரை சட்டப்படி அனுமதி’ என்கிறார். இன்னொருவர் பழைய கெசட்டியரை (மாவட்ட விவரங்களைத் தொகுத்த அரசு நூல்) தமிழாக்கித் தந்துவிட்டு ‘அதற்குக் காப்புரிமை இல்லை’ என்கிறார்.

சூரமங்கலம்_பிழைதிருத்தி:
அந்த 10 சதவீதம் எங்கிருந்து வருகிறது என்றால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறை. ஆய்வேடு, ஆய்வுக் கட்டுரைகளுக்கானது. அதில் 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 10 முதல் 40, 40 முதல் 60, 60க்கு மேல் என்று படிநிலை உண்டு. பெரியார் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு கொடுப்பவருக்கு அது பொருந்தும். இணையக் கட்டுரைக்கும் பதிப்புரிமைச் சட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் சதவீதக் கணக்கே கிடையாது. 1,000 சொல்லில் 80 சொல் எடுத்தாலும் அதுவே கட்டுரையின் உயிரான பகுதி என்றால் தவறுதான்.

இன்னொரு திருத்தம், காப்புரிமை வேறு, பதிப்புரிமை வேறு. முன்னது கண்டுபிடிப்புக்கு, பின்னது எழுத்துக்கு. இதைக் குழப்பி எழுதுவது எங்கும் பரவிவிட்டது, உங்கள் தளத்திலாவது சரியாக வரட்டும்.

கெசட்டியர் விஷயத்துக்கு வருகிறேன். 1918இல் வந்த ரிச்சர்ட்ஸின் சேலம் மாவட்ட கெசட்டியர் அரசு வெளியீடு. அரசு வெளியீட்டுக்கு வெளிவந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு கணக்கு, அது எப்போதோ முடிந்துவிட்டது. தனிப்பட்ட ஆசிரியர் என்றால் அவர் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டு. ஆகவே பதிப்புரிமை மீறல் இல்லை என்று உங்கள் எழுத்தாளர் சொல்வது சரி. ஆனால் மூலத்தைச் சொல்லாமல் தன் ஆய்வு மாதிரித் தருவது எழுத்துத் திருட்டுதான். இரண்டும் வேறு கேள்விகள். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களுக்கும் இதே பதில், எடுத்துப் போடலாம், எழுதியவர் பெயரை விட்டுவிட்டு இல்லை.

விக்கிப்பீடியா ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் இருக்கிறது. எடுக்கலாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியிருந்தால் மாற்றினோம் என்று சொல்ல வேண்டும், அப்படி உருவானதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். பலர் முதலாவதையே செய்வதில்லை.

தகவலுக்கு உரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உரிமை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஜவ்வரிசி வடகத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்ற பட்டியலும் அப்படியே. அதைச் செய்யும் பக்குவத்தை ஒருவர் விவரித்த மொழி அவருடையது.

வெளியிட்டவருக்கும் பொறுப்பு உண்டு என்பதை மறக்காதீங்க, ‘எழுதிக் கொடுத்தவர் ஏமாற்றிவிட்டார்’ என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உங்கள் எழுத்தை வேறொருவர் எடுத்தால் 62ஆம் பிரிவுப்படி நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே, அதாவது சேலத்திலேயே, வழக்குப் போடலாம். எதிராளி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். அதற்கு முன் படியாக, அவர் தளத்தைத் தாங்கும் நிறுவனத்துக்கு எழுத்துமூலப் புகார். 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதி 75இன்படி புகார் கிடைத்து 36 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீங்கள் நீதிமன்ற உத்தரவு கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். வெளிநாட்டு நிறுவனம் என்றால் டிஎம்சிஏ (அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம்) படி நீக்கக் கோரும் படிவம்.

எழுதுபவர்களோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதியது முதலாளிக்குச் சேரும். வெளியிலிருந்து எழுதுபவர் கட்டுரை, பணம் கொடுத்துவிட்டாலும், எழுத்துமூல ஒப்படைப்பு இல்லாமல் உங்களுடையது ஆகாது. ஒப்படைப்பில் காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இரண்டையும் எழுதிவிடுங்க.

ஐந்துரோடு:
பிடிஎஃப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. தமிழ் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் கொம்பு முன்னால் ஓடிவிடும், ‘கொலுசு’ என்பது ‘ெகாலுசு’ என்று விழும். வந்த கட்டுரையில் ஒரு கொம்பாவது இப்படித் தனியாக நின்றால் அந்தப் பகுதி பெரும்பாலும் பிடிஎஃபிலிருந்து வந்தது. வழக்கமான தட்டச்சில் அந்தப் பிழை வருவது அரிது. பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடாக மாற்றியதிலும் இதுபோலத் தடம் இருக்கும், இன்னும் அந்த எழுத்துருவிலேயே இருக்கும் பழைய தளங்களில் எழுத்து கூகுளுக்கு வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும் என்பதால் தேடலில் சிக்காது. சந்தேகம் வந்தால் வாக்கியத்தை அந்த எழுத்துருவுக்குத் திருப்பி மாற்றித் தேடுங்க.

படத்தையும் விட்டுவிடாதீங்க. கூகுள் லென்ஸில் ஒருமுறை அப்படியே, ஒருமுறை இடம்வலமாகத் திருப்பி. மூலக் கோப்பை, கேமராவில் எடுத்தபடி, கேட்டு வாங்குவதுதான் உறுதி.

அஸ்தம்பட்டி_ஆசிரியர்:
யார் முதலில் எழுதியது என்று எப்படி முடிவு செய்வது? எங்கள் எழுத்தாளர் ‘அவங்கதான் என்னுடையதை எடுத்தாங்க’ என்கிறார். ஏஐ எழுதியதா என்று காட்டும் கருவியை நம்பலாமா?

செவ்வாய்ப்பேட்டை_நிரலர்:
பக்கத்தில் தெரியும் தேதியை நம்பாதீங்க, அதை எவரும் பின்தேதி போடலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்த முகவரியைப் போட்டு முதல் பதிவு எந்த நாள் என்று பாருங்க. அந்த நாளில் அது அங்கே இருந்தது என்பது உறுதி. பதிவு இல்லை என்றால் அன்று பக்கமே இல்லை என்று ஆகாது. திருடப்பட்டதாகத் தெரிந்த பக்கத்தை அவர்கள் அழிக்கும் முன் அங்கேயே ‘சேவ் பேஜ்’ கொடுத்துப் பதிந்துவிடுங்க, பிறகு புகாருக்கு அதுதான் சான்று.

உங்கள் எழுத்தாளர் பக்கத்தைச் சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. இனிமேல் கட்டுரையை கூகுள் டாக்ஸில் எழுதி, திருத்தும் அனுமதியோடு உங்களுக்குப் பகிரச் சொல்லுங்க. அனுமதி அவ்வளவு இருந்தால்தான் வரலாறு தெரியும். ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் எழுத்து எப்படி வளர்ந்தது என்று பார்க்கலாம். அடித்துத் திருத்தி எழுதிய 1,000 சொல் பல பதிப்பாகத் தெரியும். ஒட்டியது ஒரே நிமிடத்தில் முழுசாக வந்து நிற்கும். வேறு செயலியில் எழுதி ஒட்டுபவர்களும் உண்டு, அவர்களிடம் அந்தக் கோப்பைக் கேளுங்க. கூடவே ஒவ்வொரு கட்டுரைக்கும் எங்கே படித்தார், யாரிடம் கேட்டார் என்று ஐந்து வரிக் குறிப்பு வாங்குங்க. சேகோ ஃபேக்டரி பற்றி எழுதியவர் எந்த ஊர் ஆலைக்குப் போனார், காயும் களத்தில் என்ன பார்த்தார் என்று சொல்ல முடியாவிட்டால் மூலம் வேறெங்கோ இருக்கிறது.

ஏஐ காட்டும் கருவியின் எண்ணை வைத்து ஒருவர் கூலியை நிறுத்தாதீங்க. ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அது ஆங்கிலத்துக்கே அப்படி. தவறான தகவல், நம் ஊர்ச் சொல் இல்லாமை, மூலம் சொல்ல முடியாமை, இந்த மூன்றையும் வைத்துப் பேசுங்க, இவை கையில் பிடித்துக் காட்டக்கூடியவை.

சாளர ஒப்பீட்டுக்கு என் கைக்கணக்கு: தொடர்ச்சியாக 40 குறியீட்டுக்கு மேல் பொருந்தும் இடம் ஒரே மூலத்தோடு மூன்று இருந்தால் இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையால் படியுங்க. வேர்டில் ‘ரிவ்யூ’வில் ‘கம்பேர்’ கொடுத்தால் வேறுபாடு மட்டும் நிறத்தில் தெரியும். மேற்கோள், பழமொழி, அலுவலகங்களின் முழுப்பெயர் இவற்றைக் கணக்கிலிருந்து முதலிலேயே கழித்துவிடுங்க, இல்லாவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பெயர் மட்டுமே நாலு இடத்தில் பொருந்தி நேரத்தைத் தின்னும்.

திருட்டு என்று உறுதியானால் அந்தப் பத்தியில் சொல்லை மாற்றித் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதீங்க. எலும்புக்கூடு அப்படியே இருக்கும், இன்னும் கண்டுபிடிக்கக் கடினமான திருட்டாகத்தான் மாறும். மூலத்தை மூடிவைத்துவிட்டு, தன் குறிப்பை மட்டும் வைத்து முதல் வரியிலிருந்து எழுதச் சொல்லுங்க. ஏற்கெனவே வெளியான காபிக் கட்டுரையை இன்றைக்கே எடுத்துவிட்டு, அந்த மூலத் தளத்துக்கு நீங்களே ஒரு கடிதம் போடுங்க. புகார் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.